சித்தப்பா 2003ல் வாங்கி வந்த கேம் பாய் அட்வான்ஸ்: உயிர் வருமா? புது ஸ்கிரீன் போடலாமா?

உறையூர்வாணி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் குறைவாகச் சொல்லி, நீங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்கும்படி ஆக வேண்டாம் என்று முழுவதும் எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணியபோது ஒரு மஞ்சப்பைக்குள் எங்கள் பழைய கேம் பாய் அட்வான்ஸ் (கையில் வைத்து ஆடும் நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டி) கிடைத்தது. இண்டிகோ நிறம், பின்னால் ஏஜிபி-001 என்று போட்டிருக்கிறது. 2003 டிசம்பரில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றாக வாங்கி வந்தது. ஆட்டம் இருக்கும் கேசட்டும் ஒன்றே ஒன்றுதான்: போக்கிமான் ரூபி, சிவப்புக் கண்ணாடி மாதிரி இருக்குமே அது. இதில் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பகலில் திண்ணையில் ஆடுவோம். ராத்திரியில் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, வெளிச்சம் விழும் கோணம் வரும்வரை கையைச் சாய்த்துச் சாய்த்து ஆடுவோம். யாருடைய முறை என்பதைவிட யார் விளக்குக்கு அடியில் உட்காருவது என்பதில்தான் சண்டை அதிகம் வரும்.

இப்போதைய நிலைமை:

பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டோம். ஒழுகியிருக்கிறது. ஒரு ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு, அடுத்ததில் வெள்ளைப் பொடி. புது ஏஏ பேட்டரி இரண்டு போட்டேன், ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை ஸ்விட்சை அழுத்தித் தள்ளியபோது பச்சை விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அந்த ஒரு நொடியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆர் பட்டன் 2008 வாக்கிலேயே வேலை செய்யவில்லை. திரைமேல் இருக்கும் பிளாஸ்டிக் முழுக்கக் கீறல்.

இங்கே இரண்டு மொபைல் கடைகளில் காட்டினேன். ஒரு கடையில் தொடவே மாட்டேன் என்றார்கள். இன்னொன்றில் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகி, பின்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றின் தலையை வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் யார் கையிலும் கொடுப்பதாக இல்லை, நானே செய்யப்போகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கை நடுங்காது, பொறுமை உண்டு. ஆனால் சால்டரிங் அயன் பிடித்ததே இல்லை.

என் கேள்விகள் நான்கு. இது பிழைக்குமா? பின்விளக்கோடு வரும் ஐபிஎஸ் என்ற புது வகைத் திரையை ஈயம் வைக்காமல், அதாவது சால்டர் பண்ணாமல், மாட்ட முடியுமா? யுஎஸ்பி சி போட்டு போன் மாதிரி சார்ஜ் பண்ணும் லித்தியம் பேட்டரி விற்கிறார்களே, அதைப் போடலாமா?

நான்காவதுதான் எனக்கு முக்கியம். அந்த ரூபி கேசட்டில் என் தம்பியின் சேமிப்பு இருக்கிறது. உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைசிக் காலத்தில் ஒவ்வொரு தடவையும் திரையில் வரும். அப்படியென்றால் சேமிப்பும் போய்விட்டதா? தம்பி இப்போது தோஹாவில் இருக்கிறான். பெட்டி கிடைத்தது என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சேமிப்பு இல்லை என்றால் சொல்லவே வேண்டாம் என்று இருக்கிறேன்.

---

ஈயப்பத்து

வணக்கம் தங்கச்சி. நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு ரிப்பேர் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் இந்தக் கேம் பாய்களைச் சரிசெய்வது எட்டு வருஷப் பழக்கம். உங்கள் சித்தப்பா வாங்கிய அதே இண்டிகோ என் கையில் எத்தனையோ வந்து போயிருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் நீங்கள் தூங்க வேண்டும். சேமிப்பு போகவில்லை. ரூபி, அதன் கூடப் பிறந்த போக்கிமான் ஆட்டங்களான சஃபையர், எமரால்ட் மூன்றிலும் ஆட்டம் சேமிக்கப்படுவது ஃபிளாஷ் நினைவகத்தில். அதற்கு மின்சாரமே வேண்டாம். உள்ளே இருக்கும் சிஆர்1616 பேட்டரி ஆட்டத்துக்கான கடிகாரத்தை மட்டும்தான் ஓட்டுகிறது. அதற்கு முந்தைய காலத்து கோல்டு, சில்வர் கேசட்டுகள் வேறு கதை. அவற்றில் பேட்டரி செத்தால் சேமிப்பும் சாகும். பேட்டரி என்றாலே சேமிப்பு என்று எல்லோரும் பயப்படுவது அந்தப் பழக்கத்தால்தான்.

தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், ஆட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனதும் ஆட்டத்தில் நட்டு வைக்கும் பெர்ரி மரங்கள் வளராமல் நின்றிருக்கும். அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. ரூபி, சஃபையரின் முதல் பதிப்பில் நிரலிலேயே இருந்த பிழை அது. பிறகு வந்த ஃபயர்ரெட், எமரால்டோடு கேபிளில் இணைத்தால் திருத்தம் ஏறும்படி செய்தார்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். தயவுசெய்து இன்றைக்கு எதையும் ஆர்டர் பண்ணாதீர்கள். ஐபிஎஸ் திரை, புது உறை, லித்தியம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டி, ஓடவில்லை என்றதும் எதில் குறை என்று தெரியாமல் மொத்தத்தையும் டப்பாவில் போட்டு என்னிடம் கொண்டுவந்தவர்கள் நிறைய. பழைய பெட்டி பழைய திரையோடு ஓட வேண்டும், அப்புறம்தான் புதுசு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பச்சை விளக்கு ஒரு நொடி எரிந்ததாகச் சொன்னீர்கள். என் கணிப்பில் அது ஸ்விட்ச். இந்த மாடலில் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் பவர் ஸ்விட்ச் அழுக்குதான். ஸ்விட்சுக்குள் இருக்கும் தகட்டில் கருப்புப் படலம் ஏறிவிடும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து கொடுப்பதே 3 வோல்ட். அதில் ஸ்விட்சே கொஞ்சத்தைத் தின்றுவிட்டால் மிச்சம் போதாது.

திறப்பதற்கு ஒய் வடிவ பிட் வேண்டும், நல்ல எஃகு பிட்டாக வாங்குங்கள். பின்பக்கம் ஆறு ஒய் ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் ஒரு சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ. அந்த ஒன்றை மறந்துவிட்டு உறையை நெம்பி உடைப்பவர்கள் உண்டு. தலை வழுக்கிய ஸ்க்ரூமேல் அகலமான ரப்பர் பேண்டை விரித்து வைத்து, அதன்மேல் பிட்டை அழுத்தி மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங்கில் இருப்பது ஆல்கலைன் பேட்டரியின் கசிவு. அது காரம், அதனால் அமிலம்தான் அதை வெட்டும். வெள்ளை வினிகரைப் பட்ஸில் தொட்டு வையுங்கள். நுரைத்து அடங்கும். துடையுங்கள், மறுபடி வையுங்கள். நுரை வருவது நிற்கும்வரை இப்படியே. பிறகு 99% ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் வினிகரைக் கழுவிவிடுங்கள். வினிகர் மதர்போர்டுமேல் ஓடக் கூடாது.

ஸ்விட்சின் இடுக்கில் அதே ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஒரு ஐம்பது தடவை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். காய விட்டு மறுபடி ஐம்பது. ஆர் பட்டனுக்கும் இதே வைத்தியம்தான்: ஸ்விட்ச்மேல் ஒரு சொட்டு, நூறு அழுத்து. மல்டிமீட்டர் இருந்தால் எஃப்1 என்று எழுதியிருக்கும் ஃப்யூஸ் அறுந்திருக்கிறதா என்று கன்டினியூட்டி பாருங்கள். பீப் வந்தால் நல்லது.

போர்டை வெளியே எடுக்கும்போது திரையின் ரிப்பன் (தட்டையான கேபிள்) செருகியிருக்கும் கனெக்டரைப் படம் பிடித்துப் போடுங்கள். இந்த மாடலில் 32 பின், 40 பின் என்று இரண்டு வகை உண்டு. ஐபிஎஸ் திரைக்கு அது தெரிய வேண்டும். கனெக்டரின் பூட்டை மேலே தூக்காதீர்கள். இரண்டு ஓரத்தையும் நகத்தால் சமமாக வெளியே தள்ள வேண்டும், ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். பூட்டு உடைந்தால் மாற்றுவது எனக்கே தலைவலி.

---

காசிமேட்டுக்காரன்

அக்கா, லித்தியம் பத்தி நான் சொல்றேன், நான் போட்டுப் பார்த்தவன்.

போன வருஷம் என் பெட்டிக்கு யுஎஸ்பி சி கிட் வாங்கிப் போட்டேன். சார்ஜ் ஏறுது, ஓடுது, எல்லாம் சரி. ரெண்டு மாசத்துல பேட்டரி மூடி லேசா மேடு தட்டுச்சு. என்னடான்னு திறந்தா செல்லு உப்பியிருக்கு. சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குற ஆளு நான். அன்னைக்கே கழட்டிட்டேன். எல்லா கிட்டும் இப்படின்னு சொல்லல. ஆனா உள்ள இருக்கிற செல்லு எங்க செஞ்சதுன்னு நமக்குத் தெரியாது, அதைக் காத்துப் போகாத பிளாஸ்டிக் அறையில அடைக்கிறோம்.

இன்னொண்ணு. யாராவது வீடியோல பார்த்துட்டு 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேரா ஸ்பிரிங்ல சால்டர் பண்ணச் சொன்னா கேக்காதீங்க. முழு சார்ஜ்ல அது 4.2 வோல்ட். இந்தப் பெட்டி ரெண்டு ஏஏ பேட்டரிக்குச் செஞ்சது. நடுவுல வோல்டேஜைக் குறைக்கிற சர்க்யூட் இல்லாம போடவே கூடாது.

இப்ப நான் ரீசார்ஜ் ஆகுற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ ரெண்டு ஜோடி வெச்சிருக்கேன். ஒரு ஜோடி பெட்டியில, ஒரு ஜோடி சார்ஜர்ல. தீர்ந்தா பத்து செகண்டுல மாத்திடலாம். அந்த பேட்டரி ஒண்ணு 1.2 வோல்ட்தான், அதனால பேட்டரி குறையுதுன்னு காட்டுற சிவப்பு விளக்கு சீக்கிரம் எரியும். பயப்படாதீங்க, அதுக்கப்புறமும் ரொம்ப நேரம் ஓடும்.

பழசை நோண்டுறதுக்குப் பதிலா அனலாக் பாக்கெட்னு ஒரு புதுப் பெட்டி வாங்கிடலாமேன்னு யாராவது சொல்வாங்க. 2021ல வந்தது, ஒரிஜினல் கேசட்டே செருகலாம், திரை 1600×1440. அருமையான பொருள், என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு. ஆனா உங்களுக்கு வேண்டியது அது இல்லன்னு உங்க பதிவைப் படிச்சாலே தெரியுது.

---

உறையூர்வாணி

ஓடுகிறது!

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு ஸ்க்ரூவுக்கே போய்விட்டது. ரப்பர் பேண்ட் இரண்டு அறுந்தது. கடைசியில் கீரைக்கட்டில் சுற்றி வரும் தடித்த ரப்பர் பேண்ட் பிடித்தது. அந்த ஸ்க்ரூ வெளியே வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாம் ஞாயிறு வினிகர். பட்ஸ் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவில் போகவில்லை, பஞ்சு பிரிந்து மாட்டிக்கொண்டது. பல்லிடுக்கு சுத்தம் செய்யும் குட்டி பிரஷ் விற்கிறார்களே, அதை வாங்கி வந்தேன். அதைவிடப் பொருத்தமான கருவி இதற்கு இருக்க முடியாது, தேடி வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஏழு முறை வைத்துத் துடைத்த பிறகு நுரை நின்றது. பச்சை போய்விட்டது, ஸ்பிரிங்கின் முலாம் அங்கங்கே உரிந்து மங்கலாக இருக்கிறது. ஆனால் மீட்டரில் பீப் வருகிறது. எஃப்1 நன்றாக இருக்கிறது.

ஸ்விட்ச் நீங்கள் சொன்னது போலத்தான் அண்ணா. முதல் ஐம்பது தள்ளலுக்குப் பிறகு பட்ஸால் ஒற்றி எடுத்தால் கரி மாதிரி கருப்பு. மூன்று சுற்றுக்குப் பிறகுதான் பட்ஸ் வெள்ளையாக வந்தது. ஆர் பட்டனும் பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் அழுத்தி அமுக்க வேண்டியிருக்கிறது.

இன்று மதியம் எல்லாவற்றையும் பழையபடி சேர்த்து பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தள்ளினேன். பச்சை விளக்கு நின்று எரிந்தது. அந்தத் தொடக்க ஓசையைப் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகக் கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

சேமிப்பு இருக்கிறது. ஆட்ட நேரம் 214 மணி 37 நிமிடம். முதல் இடத்தில் தம்பியின் போக்கிமான் பிளேசிக்கன், நிலை 71, பெயர் ‘வீரா’. அதற்கு அடுத்ததாக நான் ராத்திரியில் அவனுக்குத் தெரியாமல் பிடித்து வைத்த விங்கல் என்ற போக்கிமான். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறான், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நிமிடத்தில் வேலை இடத்திலிருந்தே போன் பண்ணிவிட்டான். பெர்ரி மரம் ஒரு வருஷத்தில் நின்றதா என்று கேட்டேன். “ஆமாக்கா, நீ ஏதோ பண்ணிட்டேன்னுதான் அப்ப நினைச்சேன்” என்றான்.

கனெக்டர் 40 பின், படம் இணைத்திருக்கிறேன்.

இப்போது புதுக் குழப்பம். பழைய திரையே வேலை செய்கிறதே, அதைக் கழற்றுவது சரியா? ஆனால் ஒரு காரணம் இருக்கிறது. சித்தப்பா ஓய்வுபெற்று இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிறார். வயது 68, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்று சாயங்காலம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலம்மா, கறுப்பா இருக்கு” என்றார். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கும் அவர் இதில் என்ன ஓடுகிறது என்று பார்த்ததே இல்லை. வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு மாத லீவு முடிந்து போய்விட்டார்.

---

திண்ணைவெளிச்சம்

பழைய திரைக்காகப் பேச ஒருவராவது வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்தத் திரை மோசம் என்று எல்லோரும் சொல்வது பாதி உண்மைதான். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வகை. அதனால் நல்ல வெயிலில் இன்றைய எந்தப் பின்விளக்குத் திரையையும்விடத் தெளிவாக இருக்கும். ஆட்டம் செய்தவர்களும் அந்தத் திரையை மனதில் வைத்துத்தான் நிறம் தீட்டினார்கள். 2001ல் வந்த காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன் ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று புகார் வந்தது. அடுத்த வருஷம் வந்த அதே வரிசை ஆட்டத்தில் நிறங்களை வெளுக்கத் தீட்டியிருந்தார்கள். அப்படி வெளுத்த நிறத்தைப் பின்விளக்குத் திரையில் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஐபிஎஸ் வாங்குவதானால் நிறத்தைப் பழையபடி காட்டும் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எது செய்தாலும் அந்தப் பழைய திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இனி யாரும் செய்யப்போவதில்லை.

---

ஈயப்பத்து

தங்கச்சி, படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. பல்லிடுக்கு பிரஷ் நான் யோசிக்காதது, நாளைக்கே வாங்குகிறேன்.

திண்ணைவெளிச்சம் சொல்வது சரி. சித்தப்பா கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் சரி. இரண்டுக்கும் வழி இருக்கிறது: இண்டிகோ உறையை வெட்டாதீர்கள். ஐபிஎஸ் திரை பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. பல கிட்டுகளுக்கு உறையின் உள்பக்கத்து பிளாஸ்டிக்கைக் கட்டரால் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கியது செதுக்கியதுதான். அதற்குப் பதில் ஐபிஎஸ்ஸுக்கென்றே அச்சடித்த புது உறை விற்கிறார்கள், அதை வாங்குங்கள். மதர்போர்டு மட்டும் இங்கேயிருந்து அங்கே போகும். பழைய உறை, பழைய திரை, பின்பக்கத்து லேபிள் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் 2003க்குத் திரும்பிவிடலாம்.

இந்தத் திரைக்கு விளக்கு போடும் ஆசை புதுசில்லை. 2002லேயே ஆஃப்டர்பர்னர் என்று ஒரு கிட் வந்தது, திரைக்கு முன்னால் மெல்லிய ஒளித்தகடு ஒட்டுவது. ஒரு தூசு விழுந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும். பிறகு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற அடுத்த மாடலின் பின்விளக்குத் திரையைக் கழற்றி இதில் மாட்டினார்கள். அதற்காக நல்ல எஸ்பி எத்தனையோ பலியானது. இப்போது அந்தப் பாவம் தேவையில்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். 40 பின் ரிப்பன் கூடவே வருகிறதா. திரையின் புள்ளிக் கணக்கு 720×480 ஆக இருந்தால் நல்லது. நம் ஆட்டம் 240×160, அதாவது ஒரு புள்ளிக்கு மூன்றுக்கு மூன்று என்று முழுசாக விரியும், எழுத்துகள் பிசிறில்லாமல் நிற்கும். மூன்றாவது, கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியே வரும் வகை. நீங்கள் தனியாகக் கண்ணாடி ஒட்டினால் நடுவில் தூசு போவது உறுதி. தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்து, அரை மணி கழித்து ஒட்டுங்கள்.

ஈயம் வைக்காமல் படம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். ரிப்பனைச் செருகினாலே வரும். ஈயம் தேவைப்படுவது வெளிச்ச அளவை மாற்ற மட்டும்தான். எல், ஆர், செலக்ட் மூன்று பட்டனுக்கும் கிட்டிலிருந்து மூன்று மெல்லிய வயர் போக வேண்டும். செலக்டை அழுத்திக்கொண்டு எல் அழுத்தினால் குறையும், ஆர் அழுத்தினால் கூடும். சித்தப்பாவுக்கு வெளிச்சம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும், அதனால் அந்த மூன்று இடத்திலும் ஈயம் வைத்துவிடுங்கள். 60/40 ஈயம், 350 டிகிரி, கூர்மையான பிட், ஈயம் பரவ உதவும் ஃப்ளக்ஸ் நிறைய. முதலில் வயர் நுனிக்கு ஈயம் பூசுங்கள், போர்டில் இருக்கும் வட்டத்துக்கும் ஒரு பொட்டு வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி சூடு. இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், வட்டம் பெயர்ந்து வரும். அதற்கு முன்னால் செத்துப்போன ரேடியோ, ரிமோட் ஏதாவது ஒன்றின் போர்டில் முப்பது ஈயப்பொட்டு வைத்துப் பழகிவிட்டு வாருங்கள்.

திரையின் பின்பக்கத்துச் சர்க்யூட் மதர்போர்டைத் தொடாமல் இருக்க நடுவில் மின்சாரம் கடத்தாத மஞ்சள் காப்டன் டேப். இதை மட்டும் மறக்கவே கூடாது.

கடைசியாக, புது உறையில் ஸ்க்ரூ போடும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரு இடத்தில் இறங்கும், அங்கேதான் மரை தொடங்குகிறது. அதற்குப் பிறகு வலப்பக்கம். புது பிளாஸ்டிக்கில் மரை விழாமல் இருந்தால் கால் சுற்று போ, கொஞ்சம் பின்னால் வா, மறுபடி கால் சுற்று. இறுக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மரை போனால் உறையே போச்சு.

---

உறையூர்வாணி

முடித்துவிட்டேன். பார்சல் வர ஐந்து வாரம், சுங்கத்தில் தனியாகப் பணம் கட்டினேன்.

பழகுவதற்கு எங்கள் பழைய டிவிடி பிளேயரின் போர்டை எடுத்துக்கொண்டேன். முதலில் வைத்த ஈயம் பந்துபோல உருண்டு நின்றது. இருபதுக்கு மேல்தான் ஈயம் தானாகப் பரவி உட்காருவது கண்ணுக்குப் பிடிபட்டது. முப்பது என்றீர்கள், நான் ஐம்பத்திரண்டு வைத்தேன். பெட்டியில் வைத்த மூன்றில் செலக்ட் மட்டும் இரண்டாம் தடவைதான் பிடித்தது. மற்ற இரண்டும் ஒரே தடவை.

காப்டன் டேப் போட்டேன். ‘டக்’ சத்தம் ஏழு ஸ்க்ரூவிலும் கேட்டது, புது உறையாக இருந்தும்.

ஒரு குறை மட்டும்: வெளிச்சத்தை நடு அளவில் வைத்தால் ஸ்பீக்கரில் மெல்லிய ‘உஸ்ஸ்’ வருகிறது. முழு வெளிச்சத்தில் இல்லை, ஹெட்போனிலும் கேட்கிறது. சித்தப்பா முழு வெளிச்சத்தில்தான் பார்க்கிறார், அதனால் அவசரமில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் சரிசெய்ய ஆசை.

நேற்று சாயங்காலம் அவர் வீட்டில் மின்சாரம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தார். இருட்டில் கையில் கொடுத்து ஸ்விட்சைத் தள்ளச் சொன்னேன். முகத்தில் வெளிச்சம் விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதுக்குத்தான் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?” என்றார். எப்படி நடக்க வைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். மின்சாரம் வந்த பிறகும் தரவில்லை. தம்பியின் சேமிப்பின்மேல் அவர் தெரியாமல் சேமித்துவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம். அவருக்கு வேறு கேசட் ஒன்று தேட வேண்டும், எளிதான ஆட்டமாக யாராவது சொல்லுங்கள். தம்பியின் சேமிப்பைக் கணினியில் நகல் எடுத்து வைக்க முடியும் என்று எங்கோ படித்தேன், அதையும்.

இண்டிகோ உறையும் பழைய திரையும் அதே மஞ்சப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. பேட்டரியைக் கழற்றிவிட்டேனா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன், உறைக்குள் போர்டே இல்லை என்று தெரிந்தும்.

---

ஈயப்பத்து

அந்த ‘உஸ்ஸ்’ பின்விளக்கின் சத்தம். நடு வெளிச்சம் என்பது விளக்கை வேக வேகமாக அணைத்து ஏற்றுவதுதான். அந்தத் துடிப்பு பேட்டரி வழி வரும் மின்சாரத்தில் கலந்து ஒலிப் பகுதிக்குள் போகிறது. முழு வெளிச்சத்தில் அணைப்பதே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. கிட்டுக்கு மின்சாரம் போகும் இடத்தில் ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தால் குறையும். போர்டின் படம் போடுங்கள், எந்த இடம் என்று வட்டம் போட்டுத் தருகிறேன்.

நகல் எடுக்க ஜிபிஎக்ஸ்கார்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. கேசட்டைச் செருகி யுஎஸ்பியில் இணைத்தால் சேமிப்பு ஒரு கோப்பாக வந்துவிடும். கடிகார பேட்டரியை மாற்றும் முன் கட்டாயம் அதைச் செய்துவிடுங்கள். பேட்டரியால் சேமிப்பு போகாதுதான், ஆனால் அயன் பிட் வழுக்கினால் எதுவும் போகலாம். சிஆர்1616ல் தகட்டுக் கால் வைத்தே விற்பதை வாங்குங்கள், வெறும் பேட்டரிமேல் ஈயம் வைக்கக் கூடாது, வெடிக்கும். கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதால் தம்பியின் சேமிப்பில் பெர்ரி உடனே வளராது, அதை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

சித்தப்பாவுக்கு டெட்ரிஸ் வாங்குங்கள். 1989ல் முதல் கேம் பாயோடு வந்த அதே சாம்பல் கேசட் இந்தப் பெட்டியிலும் ஓடும். பேட்டரி கிடையாது, சேமிப்பு கிடையாது, அழிக்க ஒன்றுமில்லை. செருகினால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது அப்படித்தான். என்னிடம் இரண்டு இருக்கிறது. அடுத்த மாதம் திருச்சி வருகிறேன், ஒன்றை எடுத்து வருகிறேன்.